இலையில் விழுந்த புள்ளி: நோயறிதலின் ஒரு வரலாறு

வெட்சிக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் வழங்கும் பெயர் இட்லிப்பூ. திணை மரபில் ஆநிரை கவர்தலுக்கு அடையாளமாக நின்ற பூ, இன்று வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டி வேலியாகக் கத்தரித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் அருகே அரளி, குரோட்டன்ஸ், வாயிலின் இருபுறமும் நெட்டிலிங்கம். இவை யாவும் ஆண்டு முழுவதும் இலை தாங்கி நிற்பவை. அழகுக்கென வளர்க்கப்படும் பசுமைச் செடிக்கு இலையே முகம். அம்முகத்தில் புள்ளி விழுந்தால் வளர்ப்பவர் கலங்குவது இயல்பு. உடனே உரக்கடைக்குச் சென்று, "இலைப்புள்ளிக்கு மருந்து கொடுங்கள்" என்கிறோம். கடைக்காரரும் ஒரு பொட்டலத்தை எடுத்துத் தருகிறார். என்ன புள்ளி, எந்த இலையில், எப்போது தோன்றியது என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை.

அக்கேள்விகளைக் கேட்க மனிதர்கள் எவ்வாறு கற்றுக்கொண்டனர் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அது தாவரவியலுக்கு மட்டும் உரியதன்று. தமிழர் கடல் கடந்ததும் மலை ஏறியதும் அதில் அடங்கும். நோயை அறிந்து, அதன் முதலை அறிந்து, தணிக்கும் வழியை அறிந்து, பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த வரிசை மனிதருக்குச் சொல்லப்பட்டது. செடிக்கும் அந்த வரிசையே பொருந்தும் என்பதை உலகம் உணர்ந்தது மிகப் பிற்காலத்தில்; அதுவும் பெரிய விலை கொடுத்த பிறகு.

பழைய நூல்களின் பார்வை

இலைக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. தொல்காப்பிய மரபியல் புல்லின் உறுப்புகளையும் மரத்தின் உறுப்புகளையும் தனித்தனியே பெயரிட்டுக் கூறுகிறது. பனை, தென்னை போன்றவற்றுக்கு ஓலையும் மடலும் தோடும். மரத்துக்கு இலையும் தளிரும் முறியும் குழையும். இளமையும் முதிர்ச்சியும் தனித்தனிப் பெயர் பெறும் மொழி இது. இந்த வேறுபாடு நோயறிதலில் எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பின்னர்க் காண்போம்.

செடியின் நோய் பற்றிப் பழைய இந்திய நூல்கள் பேசாமல் இல்லை. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரரின் பிருகத் சம்கிதையில் மரங்களுக்கான மருத்துவத்துக்கென ஓர் இயலே உண்டு. குளிர், காற்று, வெயில் ஆகியவற்றால் மரம் நோயுறும். இலை வெளிறும், துளிர் வளராது, கிளை உலரும், சாறு கசியும் என்று அது குறிகளை அடுக்குகிறது. கெட்ட பகுதியைக் கருவியால் நீக்கிவிட்டு வாய்விடங்கமும் நெய்யும் சேறும் கலந்து பூச வேண்டும், பாலும் நீரும் கலந்து ஊற்ற வேண்டும் என்பது அது கூறும் மருத்துவம். பிற்காலத்துச் சுரபாலரின் விருட்சாயுர்வேதம் மனித உடலுக்குரிய வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றையும் மரத்துக்கும் ஏற்றிப் பேசுகிறது.

நோயுற்ற பகுதியை முதலில் வெட்டி நீக்கு என்ற அறிவுரை இன்றும் பழுதுபடாதது. ஆனால் அந்நூல்கள் நோயைச் செடிக்கு உள்ளிருந்தோ வானிலையிலிருந்தோ பிறப்பதாகவே கண்டன. வெளியிலிருந்து வந்து இலைக்குள் குடியேறும் வேறோர் உயிர் உண்டு என்ற எண்ணம் அங்கு இல்லை. ஐரோப்பாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இதுவே பெருவழக்கு. இலையில் காணும் பூசணம் நோயின் விளைவே, காரணமன்று என்று கற்றவர்களும் நம்பினர்.

1869

தமிழ் மலையக இலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாகக் கருதப்படும் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869ஆம் ஆண்டு இலங்கையில் வெளிவந்தது. ஆபிரகாம் ஜோசப் எழுதியது. காப்பிப் பயிரிடும் முறைகளைக் கும்மிப் பாட்டாகத் தரும் நூல் அது. காப்பி இலங்கையின் பொன்னாக இருந்த காலம். தமிழகத்து மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கங்காணிகளின் பின்னே சென்று, மன்னார்க் காட்டுவழியே நடந்து கண்டிச் சீமைத் தோட்டங்களை அடைந்துகொண்டிருந்தனர்.

அதே 1869இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களில் காப்பி இலையின் அடிப்புறத்தில் மஞ்சளும் செம்மையும் கலந்த பொடிப் புள்ளிகள் காணப்பட்டன. காப்பிச் செடியும் என்றும் பசுமையாக நிற்கும் புதரே. பளபளக்கும் இலையும் மல்லிகை போன்ற வெண்பூவும் உடையது. பேராதனைப் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்லி என்ற பாதிரியாரும் புரூம் என்பவரும் நுண்ணோக்கியில் கண்டு, புதிய பூசணம் ஒன்றை விவரித்து ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டனர். பெயரின் இரண்டாம் பகுதிக்கு 'பாழாக்குபவள்' என்று பொருள். அப்பெயர் பின்னர் அப்படியே பலித்தது.

பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் தோட்ட முதலாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. மண் சலித்துவிட்டது, மழை தவறிவிட்டது, எருப் போதவில்லை என்று காரணம் கூறினர். காப்பியின் விலை உயர்ந்துகொண்டிருந்ததால் விளைச்சல் குறைந்ததை விலை மறைத்தது. மேலும் மேலும் காட்டை அழித்துக் காப்பியே நட்டனர். 1870 அளவில் ஏறத்தாழப் பத்துக் கோடி பவுண்டு எடையை எட்டியிருந்த ஏற்றுமதி, 1889இல் அரைக் கோடி அளவுக்குச் சரிந்தது.

வார்டு கண்டது

1880இல் இலங்கை அரசு ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாரை வரவழைத்தது. இரண்டாண்டுக் காலம் அவர் செய்த ஆய்வு, இலைநோய் அறியும் முறைக்கே அடித்தளம் என்று கூறலாம். ஒட்டும் பொருள் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் பறந்துவரும் பூசண வித்துகளைப் பிடித்துக் காட்டினார். இலைமேல் நீர்த்துளி நின்றால் வித்து முளைக்கும். முளைத்த இழை இலைத்துளை வழியே உள்ளே நுழையும். உள்ளே பல நாள் பரவிய பிறகே வெளியே புள்ளி தோன்றும். இம்மூன்றையும் அவர் படிப்படியாக நிறுவினார்.

இதிலிருந்து பெறப்படும் முடிபு எளியது.  புள்ளி நோயின் தொடக்கமன்று. நாம் அதைக் காணும்போது நோய்க்கு வயது இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். அப்புள்ளியிலிருந்து அடுத்த தலைமுறை வித்துகள் பறக்கத் தொடங்கியும் இருக்கும். ஆகவே மருந்து காக்க வேண்டியது புள்ளி விழுந்த இலையை அன்று, இன்னும் விழாத இலையை.

வேறொன்றும் தெளிந்தது. கோதுமை அறுவடையோடு முடிந்துவிடும் பயிர்; குளிர்நாட்டு மரங்கள் ஆண்டுக்கொருமுறை இலை உதிர்க்கும். அங்கே நோய்க்கும் ஓர் இடைவெளி உண்டு. வெப்ப நாட்டின் பசுமைச் செடியில் அந்த இடைவெளி இல்லை. பழைய இலையில் தங்கிய நோய் புதிய இலைக்கு வழிவழியாகக் கையளிக்கப்படும். நாம் விரும்பிப் போற்றும் மாறாப் பசுமையே நோய்க்கும் வற்றாத சோறு. மலைக்கு மலை இடையில் காடே இல்லாமல் ஒரே பயிரை நட்டது, காற்றுக்குத் தடையில்லா வழியைத் திறந்துவிட்டது.

வார்டு நோயை அறிந்தார், நோய்முதலை அறிந்தார். ஆனால் தணிக்கும் மருந்து அவர் கையில் இல்லை. சுண்ணாம்பும் கந்தகமும் தூவிப் பார்த்த முயற்சிகள் பெரும்பயன் தரவில்லை. 1882இல் அவர் இலங்கையை விட்டுச் சென்றார்.

திருடருக்கு அஞ்சிய மருந்து

அதே 1882இல் பிரான்சு நாட்டின் போர்டோ நகருக்கு அருகில், மெடாக் வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களில் நிகழ்ந்த செய்தி இலக்கியச் சுவை உடையது. பாதையோரக் கொடிகளின் பழத்தை வழிப்போக்கர் பறித்துவிடுவதால், நஞ்சு போலத் தோன்றட்டும் என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலக் கரைசலை அக்கொடிகளின்மேல் தெளிப்பது அங்கு வழக்கம். அவ்வாண்டு அடிச்சாம்பல் நோயால் தோட்டமெங்கும் இலை உதிர்ந்து கிடக்க, பாதையோரக் கொடிகள் மட்டும் பசுமையாக நின்றன. அவ்வழியே சென்ற தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே இதைக் கண்டு வியந்து, ஆராய்ந்து, 1885இல் உலகுக்கு வெளியிட்டார். போர்டோ கலவை பிறந்தது.

காப்பிக்கு அது காலங்கடந்த மருந்து. 1885இல் இலங்கைத் தோட்டங்கள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தன. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் தேவை. வேலை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளும் கைகள் வேண்டும். ஆகவே குடும்பத்தோடு சென்றவர்கள் லயன்களில் நிலைத்துத் தங்கினர். மலையகத் தமிழர் என்று இன்று நாம் அறியும் ஒரு மக்கள்சமூகம் உருவானதில் அந்த இலைப்புள்ளிக்கும் பங்கு உண்டு. மருந்து பத்தாண்டு முந்திப் பிறந்திருந்தால் அவர்களின் வரலாறு வேறாக இருந்திருக்குமோ என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

தென்னிந்தியக் காப்பி அழியாமல் தப்பியதற்கு நோய் தாங்கும் வகைகளும் காரணம். போர்டோ கலவையும் காரணம். மைசூர்ப் பகுதியில் 1911இல் தெரிந்தெடுக்கப்பட்ட கென்ட் வகையும், பாலெஹொன்னூர் ஆய்வு நிலையம் 1940களில் தந்த எஸ்.795 வகையும் தோட்டங்களை நிமிர்த்தின. ஏற்காட்டுத் தோட்டங்களில் மழைக்கு முன்னரே போர்டோ கலவை தெளிக்கும் வழக்கம் வார்டின் பாடத்தை நினைவூட்டுவது.

கோயம்புத்தூரின் பங்கு

சென்னைக்கு அருகே சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளி, 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. லாலி சாலையில் இன்றும் நிற்கும் செங்கல் நிறக் கட்டடம் அக்கல்லூரியினது. சாலை அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் லாலியின் பெயரைத் தாங்கியது. 1971இல் அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. சென்னை மாகாணத்துக்கு அரசுப் பூசணவியலார் பணியிடம் இங்குதான் அமைந்தது. மக்ரே, அவருக்குப் பின் சுந்தரராமன், கே. எம். தாமஸ், டி. எஸ். ராமகிருஷ்ணன் என அப்பணி தொடர்ந்தது. ராமகிருஷ்ணன் முதலியோர் சென்னை மாகாணத்துப் பூசணங்களைத் தொடர் கட்டுரைகளாகப் பட்டியலிட்டனர். வேலியோரச் செடியில் கண்ட புள்ளியையும் விடாமல் எடுத்து, நுண்ணோக்கியில் வைத்து, வித்தின் வடிவத்தை வரைந்து, பெயரிட்ட உழைப்பு அது. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்களின் உழைப்போடு ஒப்பிடத்தக்கது என்பது நம் கருத்து. இரண்டிலும் முதல் வேலை, கண்முன் இருப்பதைப் பிழையின்றிப் படிப்பதே.

கோயம்புத்தூர்ச் சமவெளி மழை குறைந்தது. இலை விரைவில் உலரும். அதனால் இலைநோயின் கடுமையும் குறைவு. ஆனால் தெற்கே ஆனைமலை ஏறிவிட்டால் உலகமே வேறு. வால்பாறை மேட்டில் மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும் நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் அங்கே காடழித்துத் தேயிலை நட்டனர். சமவெளியிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளர் பட்ட பாட்டை மருத்துவர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார், இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார்.

அந்தப் பனிக்காட்டுக்கு 1946இல் புதிய நோய் வந்தது. அசாமில் 1868 முதலே அறியப்பட்டிருந்த கொப்புள நோய், அவ்வாண்டில் தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒருங்கே தாக்கியது. காரணம் எக்சோபசிடியம் வெக்சான்ஸ் என்னும் பூசணம். முதலில் இலையில் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி, பிறகு மேற்புறம் குழிந்து அடிப்புறம் புடைத்த கொப்புளம், அதன்மேல் வெண்பொடி. இங்கேதான் தொல்காப்பியர் பிரித்த பெயர்கள் நினைவுக்கு வருகின்றன. இந்நோய் தளிரை மட்டுமே தாக்கும். முற்றிய இலையை நெருங்காது. காப்பித் துருவோ முதிர்ந்த இலைகளில் மிகுவது. தேயிலையில் விற்பனைப் பொருளே தளிர் என்பதால் இழப்பு உடனடியானது.

இம்முறை அறிவு முந்திக்கொண்டது. நோய்முதல் தெரியும், தாமிர மருந்தும் கையில் உண்டு. போர்டோ கலவையின் வழிவந்த காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிக்கப்பட்டது. வெயில் நாளில் அந்நோய் தளர்வதைக் கண்டு, வெயில் மணிக்கணக்கைக் குறித்துவைத்துத் தெளிக்கும் நாளை முடிவு செய்யும் முறை வகுக்கப்பட்டது. நிழல்மரங்களின் கிளைகளைக் கழித்து ஒளியை உள்ளே விட்டனர். 1870களில் காப்பிக்கு நேர்ந்தது 1946க்குப் பின் தேயிலைக்கு நேரவில்லை.

வீட்டுத் தோட்டத்துப் பாடம்

இனி இட்லிப்பூ வேலிக்குத் திரும்பலாம். மேலே கண்ட வரலாறு கற்பிக்கும் முதற்பாடம், புள்ளி என்பது ஒரு பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவான கையெழுத்து என்பதே. அதை எழுதியவர் யார் என்று படிக்க வேண்டும்.

வட்டமான பழுப்புப் புள்ளி, அதைச் சுற்றிக் கருஞ்சிவப்புக் கரை, நடுவில் மிளகுப் பொடி தூவியது போன்ற கரும்புள்ளிகள் இருந்தால் அது பெரும்பாலும் பூசணம். வளையத்துக்குள் வளையமாக இருந்தால் ஆல்டர்நேரியா வகையை ஐயுறலாம். சத்தியமங்கலத்துப் பூந்தோட்டங்களில் மல்லிகையின் இலைக்கருகலுக்குக் காரணமானவற்றுள் அதுவும் ஒன்று. புள்ளி நீர் கோத்தது போலத் தோன்றி, நரம்புகளுக்கு இடையே கோணலாக அடங்கி, மஞ்சள் ஒளிவட்டம் கொண்டிருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். இலையின் மேற்புறத்தில் செம்மஞ்சள் வெல்வெட்டுத் துணி ஒட்டியது போல மேடிட்டிருந்தால் அது பூசணமே அன்று. செபலூரஸ் என்னும் பாசி. மாவிலும் தேயிலையிலும் செந்துரு என வழங்குவது அதுவே. வெயில் படும் பக்கத்து இலைகள் மட்டும் வெளிறிக் காய்ந்து, அடுத்த வாரம் பரவாமல் நின்றுவிட்டால் வெயிற்சூடு.

நம் ஊர்க்கே உரிய மயக்கம் ஒன்று உண்டு. கோயம்புத்தூர் வட்டாரத்தில் பல இடங்களில் சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண். வெட்சியோ புளிப்பான மண்ணை விரும்புவது. இம்மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க இயலாது. அப்போது இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளிக்கும். நாளடைவில் ஓரம் கருகிப் புள்ளியும் விழும். இதற்குப் பூசணக்கொல்லி எதுவும் உதவாது. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதியைக் கரைத்துத் தளிர்மேல் தெளிப்பதும், மண்ணில் மட்கிய எரு சேர்ப்பதுமே வழி. நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தமும் அன்னபேதியும் அடுத்தடுத்த டப்பாக்களில் இருக்கும். ஒன்று நீலம், மற்றது பச்சை. எதை வாங்குவது என்பதை இலையே சொல்லும். தவறிப்போய் இரும்பு வேண்டிய செடிக்குத் தாமிரத்தை மீண்டும் மீண்டும் கொடுத்தால் நோய் தீராது. மண்ணில் தங்கும் தாமிரம் இரும்பை எடுக்கும் ஆற்றலை மேலும் குறைக்கவும் கூடும்.

பூசணமே என்று தெளிந்தாலும் முதல் மருத்துவம் கத்தரிதான். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி, உதிர்ந்தவற்றையும் கூட்டி அப்புறப்படுத்த வேண்டும். அடுத்தது நீர்: மாலையில் குழாய் பிடித்து இலைமேல் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நிற்கும், வித்து முளைக்க வார்டு கண்ட நிபந்தனையை நாமே நிறைவேற்றி வைக்கிறோம். காலையில் வேரடியில் ஊற்றுவதே முறை. மூன்றாவது காற்று: அடர்ந்த வேலியை உள்ளே கழித்துவிட வேண்டும். இம்மூன்றும் போதாதபோதே தெளிப்பான்.

போர்டோ கலவை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர். வீட்டுக்கு வேண்டுமாயின் 10 லிட்டருக்கு நூறு நூறு கிராம். பிளாஸ்டிக் அல்லது மண் கலத்தில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியை அதில் சற்று நேரம் வைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும், இல்லையேல் கலவையே தளிரைக் கருக்கிவிடும். அன்றன்று கலந்து அன்றன்றே தெளித்துவிட வேண்டும். கையையும் கண்ணையும் காத்துக்கொள்ள வேண்டும். கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகம் பரப்பிய சூடோமோனாஸ் போன்ற நுண்ணுயிர் மருந்துகளும் உள்ளன. அவையும் நோய் முற்றியபின் தீர்ப்பவை அல்ல, முன்கூட்டிக் காப்பவை.

கும்மி பாடிக் காப்பி நட்டவர்கள், இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தவர் சொன்னதைக் கேட்கவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்களோ அத்தோட்டங்களில் ஒரு காணி நிலமும் இல்லாதவர்கள். நம் வீட்டு வேலியில் அத்தனை பெரிய இழப்பு நேராது. ஆயினும் மருந்துப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் இலையைத் திருப்பிப் பார்ப்பது, அந்த வரலாற்றுக்கு நாம் செய்யும் குறைந்த அளவு மரியாதை.